பகல்விளக்கு

கி.பி. 1000-ஆம் ஆண்டு வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்றை வெட்டிக் கொடுத்தான். மன்னன் அப்போது முயிரிக்கோட்டில் இருந்தான். சங்கப் பாடல்களில் வரும் முசிறியின் பெயர்தான் அப்படி நீண்டிருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழியைப் பழைய மலையாளம் என்று அவர்கள் சொல்வார்கள், மேலைக்கடற்கரைத் தமிழ் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். மெதுவாக வாசித்தால் பல சொற்கள் நமக்கும் பிடிபடும், அவ்வளவுதான்.

ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும், கூடவே எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் கிடைத்தன. சுங்க விலக்கு, பல்லக்கு, குடை, பாவாடை, காளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. அதில் ஒன்று பகல்விளக்கு. ஊர்வலத்தில் பட்டப்பகலில் முன்னால் விளக்கு ஏந்திச் செல்லும் உரிமை.

பகலில் விளக்கு எதற்கு? வழி பார்க்க அல்ல. வருகிறவர் யார் என்று தெருவுக்குச் சொல்ல. வெளிச்சத்தால் ஒரு பயனும் இல்லாத விளக்கு அது. அதனால்தான் அது மரியாதை.

இந்தச் சொல்லில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த யூதர்களிடம் ஏற்கெனவே இதே மாதிரி இன்னொரு விளக்கு இருந்தது. வருடத்தில் எட்டு ராத்திரி ஏற்ற வேண்டிய ஹனுக்கா விளக்கு. அதன் வெளிச்சத்தில் படிக்கக்கூடாது, காசு எண்ணக்கூடாது, எந்த வேலையும் பார்க்கக்கூடாது என்பது யூதச் சட்டம். தப்பித்தவறி அந்த வெளிச்சம் பயன்பட்டுவிடக்கூடாது என்பதற்காகப் பக்கத்தில் இன்னொரு விளக்கை வைப்பார்கள். தெருவில் போகிறவன் பார்த்து, இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எதை நினைத்து ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கின் வேலை அதோடு முடிந்தது.

ஒன்று ராஜா கொடுத்த விளக்கு. இன்னொன்று சட்டம் வீட்டின் மேல் சுமத்திய விளக்கு. ஒன்று உரிமை, மற்றது கடமை. ஒரு சமூகம் எதை நம்பி நிலைக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

*

முதலில் பண்டிகையின் கதை. கி.மு. 167-இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர் குடும்பம் கிளர்ந்தெழுந்தது. கி.மு. 164-இல் யூதா மக்கபே ஆலயத்தை மீட்டுச் சுத்தம் செய்து மறுபடி பிரதிஷ்டை செய்தான். ஹனுக்கா என்ற சொல்லுக்கே பிரதிஷ்டை என்றுதான் பொருள். ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற அற்புதம் மக்கபேயர் நூல்களில் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, தால்மூத்தில்தான் வருகிறது.

கவனியுங்கள், இது ஆலயத்தை மீட்ட பண்டிகை. அற்புதம் நடந்ததும் ஆலய விளக்கில். அப்படியென்றால் கொண்டாட்டமும் ஆலயத்தில்தானே இருக்க வேண்டும்? ஆனால் கி.பி. 70-இல் ரோமானியர்கள் அந்த ஆலயத்தை இடித்துவிட்டார்கள். அதன் பிறகு சட்டத்தைத் தொகுத்த ரப்பிகள் விளக்கைக் கொண்டுபோய் வைத்த இடம், வீட்டு வாசல்.

தால்மூத் சொல்லும் அடிப்படைக் கணக்கு, ஒரு ராத்திரிக்கு ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு. கூடுதலாகச் செய்ய நினைப்பவர் ஆளுக்கு ஒன்று ஏற்றலாம். அதற்கும் மேலே போகிறவர்களுக்கு இரண்டு பள்ளிகள் இரண்டு வழி சொல்லின. ஷம்மாயின் மாணவர்கள் முதல் நாள் எட்டில் தொடங்கித் தினம் ஒன்று குறைக்கச் சொன்னார்கள். ஹில்லேலின் மாணவர்கள் ஒன்றில் தொடங்கித் தினம் ஒன்று கூட்டச் சொன்னார்கள். புனிதமான காரியத்தில் ஏறுமுகம்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதுவே நிலைத்தது.

இடம்? வாசலுக்கு வெளியே, கதவிலிருந்து ஒரு கையகல தூரத்துக்குள், இடப்பக்கம். வலப்பக்க நிலையில் மெசுசா என்ற வேதவாக்குச் சுருள் இருக்கும். நடுவே நுழைகிறவர் இரண்டுக்கும் இடையில் போவார். மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில். இருபது முழத்துக்கு மேல் உயரமாக வைத்தால் செல்லாது, கண்ணில் படாதே. நேரம்? பொழுது சாய்ந்ததிலிருந்து கடைத்தெருவில் கால்நடமாட்டம் அடங்கும் வரை. கடைசியாகத் தெருவை விட்டுப் போகிறவர்கள் விறகு விற்க வந்த பல்மைரா ஊர்க்காரர்கள் என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் விறகு வியாபாரியின் கால் சத்தம் நேரக் கணக்காகிறது!

எண்ணெய் பற்றிய பேச்சு நமக்குப் பிடிக்கும். ராபா என்ற ரப்பி முதலில் நல்லெண்ணெய்தான் தேடுவாராம், சுடர் நெடுநேரம் நிற்கும் என்பதால். பிறகு, எல்லா எண்ணெயும் ஆகும் ஆனாலும் ஆலிவ் எண்ணெய்தான் சிறந்தது என்று இன்னொரு ரப்பி சொன்னதைக் கேட்டதும் மாறிவிட்டார். அதன் சுடர் தெளிவு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பெண்களுக்கும் இந்தக் கடமை உண்டு, அவர்களும் அந்த அற்புதத்தில் பங்கு பெற்றவர்கள் என்பதால். விருந்தாளியாகத் தங்கியிருப்பவர் அந்த வீட்டு எண்ணெய்க்குச் சில்லறைக் காசு கொடுத்துப் பங்காளி ஆகிக்கொள்ளலாம்.

*

அப்போ ஜெப ஆலயத்தில் ஏற்றுவது எங்கிருந்து வந்தது?

தால்மூத்தில் அது இல்லை. பின்னால் வந்த வழக்கம். பார்சிலோனாவில் 1326-இல் பிறந்த ஐசக் பென் ஷேஷெத் என்ற ரப்பி இதற்கு ஒரு காரணம் எழுதினார். வீட்டு வாசலில், வெளியே ஏற்ற வேண்டியதுதான் சட்டம். இப்போது பிறர் கை ஓங்கியிருப்பதால் வெளியே ஏற்ற முடியவில்லை, உள்ளே ஏற்றுகிறோம். அற்புதத்தை ஊரறியச் சொல்வது விட்டுப்போகிறது. அதை ஈடுகட்டத்தான் எல்லோரும் கூடும் ஜெப ஆலயத்தில் ஒரு விளக்கு. அதாவது, பொது விளக்கு என்பது பயத்திலிருந்து பிறந்த மாற்று ஏற்பாடு. எழுதியவருக்கே அந்தப் பயம் நேரில் வந்தது. 1391-இல் ஸ்பெயினில் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தபோது அவர் தப்பி அல்ஜியர்ஸ் போனார்.

வேறு காரணமும் சொல்வார்கள். வீடில்லாத வழிப்போக்கர்கள் ஜெப ஆலயத்தில் தங்குவார்கள், அவர்களுக்காக என்று. ஜோசப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் அச்சான சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக், ஜெப ஆலயத்தில் தென்புறம் விளக்கு வைக்கச் சொல்கிறது. பழைய ஆலயத்தில் ஏழுகிளை விளக்கு நின்ற திசை அது. அதற்கு கிராகோவ் நகரத்து மோசஸ் இஸர்லெஸ் எழுதிய குறிப்பில்தான் இந்தக் கட்டுரையின் அச்சு இருக்கிறது. ஜெப ஆலய விளக்கால் யாருடைய கடமையும் தீராது. அங்கே ஏற்றியவரே வீட்டுக்குப் போய் மறுபடி ஏற்ற வேண்டும்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், நடு சர்வரில் ஒருவர் செய்த வேலை மற்ற கணினிகளில் செய்ததாக ஆகாது. ஒவ்வொரு கணினியும் தானே செய்தாக வேண்டும். இது வீணான இரட்டிப்பு மாதிரி தெரியும். நடு சர்வர் எரிந்துபோன நாளில்தான் அதன் அருமை தெரியும். யூதர்களின் நடு சர்வர் கி.பி. 70-இல் எரிந்துவிட்டது.

சட்டத்தில் இன்னொரு வாசகம் உண்டு. ஆபத்துக் காலத்தில் விளக்கை உள்ளே மேசை மேல் வைத்தால் போதும். என்ன ஆபத்து? 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தால்மூத்துக்கு உரை எழுதிய ராஷி ஒரு விளக்கம் தருகிறார். பாரசீகர்களின் பண்டிகை நாளில் அவர்கள் கோயிலைத் தவிர வேறெங்கும் தீபம் எரியக்கூடாது என்று விதி இருந்ததாம். நெருப்புக்கோயில் பூசாரி ஒருவர் வந்து, நோயாளியாகப் படுத்திருந்த ரப்பியின் முன்னாலிருந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு போன சம்பவம் தால்மூத்திலேயே இருக்கிறது. ஒரு பேரரசு, தீபம் கோயிலில் மட்டும் எரியட்டும் என்கிறது. இந்தச் சட்டம், கோயிலே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வாசலிலும் எரியட்டும் என்கிறது. முடியாவிட்டால் மேசை மேல். அணைக்கச் சொல்லவில்லை.

*

நான் குடியிருப்பது குன்றத்தூரில். சேக்கிழார் பிறந்த ஊர். அவர் எழுப்பிய திருநாகேஸ்வரம் கோயில் இங்கே இருக்கிறது. குன்றின் மேல் முருகன். கார்த்திகை வந்தால் மேலே தீபம், கீழே தெருவெல்லாம் அகல். ஹனுக்காவும் இதே பருவத்தில்தான் வரும். ஒரு வித்தியாசம், கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி. ஹனுக்கா தேய்பிறையின் கடைசியில் தொடங்கி அமாவாசையைத் தாண்டும். மாதத்தின் மிக இருட்டான ராத்திரிகள்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விளக்குக்காகவே வாழ்ந்த நாயன்மார்கள் மூவர். நமிநந்தி அடிகள் திருவாரூரில் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்தார். கணம்புல்லர் புல்லை விற்று நெய் வாங்கினார், புல் விலைபோகாத நாளில் அதையே எரித்தார், அதுவும் தீர்ந்தபோது தன் தலைமுடியை எரித்தார். திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் வாணிபர் மரபினர். எல்லாம் விற்றுத் தீர்ந்து, மனைவியையே விற்க முயன்று, வாங்குவார் இல்லாமல், கடைசியில் தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை அகலில் நிரப்பப் போனார். இறைவன் கையைப் பிடித்தார்.

மூன்றுமே கோயில் விளக்குகள். தமிழ்நாட்டில் விளக்கின் சட்டம் கோயிலைச் சுற்றித்தான் எழுதப்பட்டது, அதுவும் கல்லில். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், தினம் ஓர் உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை சாகாது. நிலவும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும். தஞ்சைக் கோயிலில் ராஜராஜன் காலத்தில் எந்த இடையர் எந்த விளக்குக்கு நெய் அளக்க வேண்டும் என்றுகூடப் பெயர் பெயராக வெட்டி வைத்தார்கள். அதே ஆண்டுகளில்தான் ரப்பானுக்குச் செப்பேடு கிடைத்தது. ராஜராஜன் சேர நாட்டின் மீது படையெடுத்த காலம் அது. அந்தப் போர்ச் சூழலில் வணிகர்களின் துணை வேண்டித்தான் சேரன் இவ்வளவு சலுகை கொடுத்தான் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

வீட்டு விளக்கு நமக்கு இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களிலேயே கார்த்திகைக்குத் தெருவில் விளக்கு வைக்கிறார்கள். ஆனால் அதற்கு யாரும் கல்வெட்டு எழுதவில்லை. அது பழக்கத்தில் ஓடியது, பாட்டி அம்மாவுக்குச் சொல்லி, அம்மா பிள்ளைக்குச் சொல்லி.

பெரியபுராணத்துக்கு அடுத்த தலைமுறை என்று சொல்லத்தக்க காலத்தில், எகிப்தில் மைமோனிடீஸ் யூதச் சட்டத்தைத் தொகுத்தார். அவர் தம்பி தாவீது இந்தியாவுக்கு வணிகம் செய்யப் புறப்பட்டுக் கடலில் மூழ்கி இறந்தவர். மைமோனிடீஸ் ஹனுக்கா பற்றிச் சொல்வதைக் கலியர் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவன்கூட, கடன் கேட்டாவது, மேல்துணியை விற்றாவது எண்ணெய் வாங்கி ஏற்ற வேண்டும். இதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் கையில் ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது, வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வெளிச்சத்துக்கான விளக்கும் இல்லை, ஹனுக்கா விளக்கும் இல்லை என்றால்? வீட்டு விளக்குக்குத்தான் முதலிடம். இருட்டில் தட்டுத்தடுமாறினால் வீட்டில் சமாதானம் இருக்காது என்பது காரணம். சேக்கிழார் காட்டுவது எல்லையே இல்லாத பக்தி. எல்லோராலும் முடியாது என்பதால்தான் அவர்கள் நாயன்மார்கள். சட்டம் சாதாரண ஆளுக்கானது. அது பக்திக்கு ஓர் எல்லைக்கல் நடுகிறது, அந்தக் கல் வீட்டுக்குள் நிற்கிறது.

இது பழங்கதை இல்லை. எங்கள் அடுக்ககத்தில் கார்த்திகைக்கு நுழைவாயிலில் பெரிய குத்துவிளக்கு ஒன்றைச் சங்கம் ஏற்றுகிறது. நல்ல விஷயம். கூடவே, நடைபாதையில் அகல் வைக்காதீர்கள், டைல்ஸில் எண்ணெய்க் கறை, தீ ஆபத்து, அதான் கீழே எல்லார் சார்பாகவும் ஏத்துறோமே என்று வாட்ஸப்பில் செய்தி. தீ ஆபத்து நியாயமான கவலை. மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பிலும் இந்த வழக்கு இருக்கிறது. சணல் ஏற்றிய ஒட்டகம் தெருவில் போகிறது, கடைக்காரன் வெளியே வைத்த விளக்கில் சணல் பற்றி எரிகிறது. நஷ்டம் யார் தலையில்? கடைக்காரன் தலையில்தான், விளக்கைத் தெருவில் வைத்தது அவன். ரப்பி யெகூதா மட்டும் ஒரு விலக்குச் சொல்கிறார், அது ஹனுக்கா விளக்கு என்றால் அவன் மேல் பொறுப்பு இல்லை. அந்த எட்டு ராத்திரி ஒட்டகக்காரன்தான் பார்த்துப் போக வேண்டும். என்னை யோசிக்க வைத்தது தீ இல்லை, "எல்லார் சார்பாகவும்" என்ற சொல். அந்தச் சொல்லைத்தான் இஸர்லெஸ் ஏற்க மறுத்தார்.

*

ஆபத்துக் கால விதி இந்தியாவுக்கும் வந்தது. 1560-இல் கோவாவில் போர்ச்சுகீசியர்கள் மதவிசாரணை மன்றத்தை நிறுவினார்கள். கிறிஸ்தவராக மாற்றப்பட்டும் ரகசியமாக யூதராக இருப்பவரைக் காட்டிக்கொடுக்க, ஐபீரிய விசாரணை மன்றங்கள் அடையாளப் பட்டியல் வாசிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, புதுத்திரி போட்டு விளக்கேற்றும் வீடு அதில் ஓர் அடையாளம். இந்திய மூலிகைகள் பற்றி எழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் சகோதரி 1569-இல் எரிக்கப்பட்டார். ஓர்த்தா 1568-இல் இறந்துவிட்டார். 1580-இல் அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

அதே போர்ச்சுகீசிய யூத மரபினர் சிலர் லண்டன் வழியாக மெட்ராஸ் வந்தார்கள். பவழம் கொண்டுவந்து வைரம் வாங்கிப் போனார்கள். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சம். 1688-இல் மெட்ராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். கோவாவில் விளக்கு சாட்சி, மெட்ராஸில் அதே ஆட்கள் நகரத் தந்தைகள். இன்று அவர்களில் மிஞ்சியது சில கல்லறைகள்.

கொங்கணத்தில் வேறு கதை. நவ்காவ் அருகே கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண், ஏழு பெண் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது பெனே இஸ்ரேல் மக்களின் மரபு. தொழில், செக்கில் எண்ணெய் ஆட்டுவது. சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி, சனிக்கிழமை வாணியர். சப்பாத்து தெரியும், விருத்தசேதனம் தெரியும், ஷெமா என்ற பிரார்த்தனையின் தொடக்கம் தெரியும். ஹனுக்கா தெரியாது. எண்ணெய் ஆட்டியவர்களுக்கு எண்ணெயின் பண்டிகை தெரியாது! பண்டிகை உருவாவதற்கு முன்பே, அதாவது கி.மு. 164-க்கு முன்பே, அவர்கள் இந்தியா வந்ததற்கு இது சாட்சி என்பார்கள். எனக்கு அந்த வாதம் பலவீனமாகத் தெரிகிறது, இடையில் மறந்தும் போயிருக்கலாம். அதைவிட முக்கியமானது, அவர்களிடம் மிஞ்சியது எல்லாம் வீட்டுக்குள் செய்வது என்பது. ஜெப ஆலயம் இல்லாமல், புத்தகம் இல்லாமல், பல நூற்றாண்டு தாங்கியது அதுதான். பின்னாளில் கொச்சியிலிருந்து வந்த ஆசிரியர்கள் மற்றதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

*

கொச்சிக்கு வருவோம். மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப்பள்ளி 1568-இல் கட்டப்பட்டது, காரோவின் சட்டத் தொகுப்பு அச்சாகி மூன்றே வருடத்தில். 1662-இல் போர்ச்சுகீசியர் அதைச் சிதைத்தார்கள், டச்சுக்காரர் வந்தபின் மீண்டும் எழுந்தது. தரையில் சீன நீலப் பூவோடுகள், உத்தரத்திலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள், அதில் தேங்காய் எண்ணெய். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் கொச்சி ராஜாக்களின் நிழலில் இவர்கள் பயமில்லாமல் வாழ்ந்தார்கள். பகல்விளக்கு கொடுத்த நாடு அது. அந்த நிழலுக்கு வெளியே, மும்பையில், 2008 நவம்பரில் நரிமன் ஹவுஸ் மீது தாக்குதல் நடந்தது. அதற்கு நாலு வாரத்துக்குள் வந்தது அந்த வருடத்து ஹனுக்கா.

ஆனால் கொச்சியைக் காலி செய்தது பயம் இல்லை. 1948-க்குப் பிறகு, ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் கொண்ட சமூகம் இஸ்ரேலுக்குப் போனது. முழுக் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அந்தப் பத்து பேர் இல்லாமல் போனார்கள். மட்டாஞ்சேரியில் பள்ளி இன்றும் பளபளவென்று நிற்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அதே ஊரின் கடவும்பாகம் பள்ளியின் உட்புறத்தை, செதுக்கிய மரக்கூரையோடு பெயர்த்தெடுத்து எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பொது விளக்குக்குப் பத்து பேரும் ஒரு கூரையும் வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று போனால் அது காட்சிப்பொருள். வீட்டு விளக்குக்கு ஒரே ஒரு ஆள் போதும். நெகேவ் பாலைவனத்தில் கொச்சிக்காரர்கள் 1954-இல் குடியேறிய நெவதீம் கிராமம் இருக்கிறது. கூரையைப் பெயர்க்க நிபுணர்கள் தேவைப்பட்டார்கள். கடமையைப் பெயர்க்க யாரும் தேவைப்படவில்லை, அது ஆளோடு போயிற்று.

பொது விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டமும் சொல்லவில்லை, வீடில்லாதவனுக்கு அங்கேதான் வெளிச்சம். அதை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போ என்கிறது, அவ்வளவுதான். நம் ஊரில் 96 ஆட்டின் கணக்கு கல்லில் பத்திரமாக இருக்கிறது, ஆடுகள் எங்கே என்று கேட்க ஆளில்லை. குன்றத்தூர்த் தெருவில் கல்வெட்டே இல்லாத அகல் இன்னும் எரிகிறது.

பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு அந்த உரிமைகளை யாருக்குக் கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பானுக்கு, அவர் ஆண்மக்களுக்கு, பெண்மக்களுக்கு, மருமக்களுக்கு, பெண்மக்களைக் கட்டிய மருமகன்களுக்கு. எந்தப் பள்ளிக்கும் கொடுக்கவில்லை.